ஊரா, காலனியா?

அண்ணன் மகள் கல்லூரி விண்ணப்பத்தை என் முன்னால் விரித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "சித்தப்பா, இனிமே காலனின்னு எழுத வேண்டியதில்லையாம்ல. அப்ப நம்ம அட்ரஸ்ல என்னான்னு எழுத?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முப்பது வருசமாகக் கூட்டம் போட்டுப் பேசியவன், ராத்திரி முழுக்க முழித்துத் துண்டறிக்கை எழுதியவன், படிவத்தில் ஒரு வரியை நிரப்பத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில் இருக்கிறது சிலமலை. மேற்கே பார்த்தால் ஏலமலை. விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் வந்து நிற்கும். எங்கள் பெண்கள் தூக்குவாளியோடு ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்க் களை வெட்டி, காய் எடுத்து, பொழுது சாய இறங்கி வருவார்கள். இந்தப் பக்கத்து பஸ்களில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கவனிக்க வேண்டிய அவசியமே இல்லாத சாதியில் பிறந்திருந்தால் கவனிக்காமலும் இருந்திருக்கலாம். படிக்கப் போய்த் திரும்புகிற எங்கள் பிள்ளைகள் சில பேர் தங்கள் ஸ்டாப்பில் இறங்க மாட்டார்கள். ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, கூட வந்த சிநேகிதிகள் பஸ்ஸோடு போன பிறகு வெயிலில் நடந்து வருவார்கள். காரணம், கண்டக்டர் போடுகிற சத்தம். "காலனியெல்லாம் எறங்கு!" ஊர்க்காரர்களை இறக்கும்போது ஊர்ப் பெயரைச் சொல்கிறவர், எங்களை இறக்கும்போது இந்தச் சொல்லைச் சொல்கிறார். என் அண்ணன் மகளும் அப்படி நடந்து வந்தவள்தான். இரண்டு வருசம் எங்களுக்கே தெரியாது. பஸ் லேட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்க பக்கம் புது ஆளைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். "எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னவுடனே அடுத்த கேள்வி வரும்: "ஊருக்குள்ளயா, காலனியா?" சாதியை நேராகக் கேட்பது நாகரிகமில்லை என்று ஆகிவிட்ட காலம். அதனால் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை முன்னால் விட்டு, பின்னால் சாதி வருகிறது. நீங்கள் "காலனி" என்று சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவனுக்கு எல்லாம் கிடைத்துவிடும். உட்காரச் சொல்லலாமா, எந்தத் தம்ளரில் தண்ணி கொடுக்கலாம், வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாமா, 'வாங்க' என்பதா 'வாப்பா' என்பதா, அத்தனையும்.

அந்தக் கேள்வியை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். ஊரா, காலனியா? அதாவது காலனி ஊர் கிடையாது. ஊர்க்கூட்டம், ஊர்ச்சாவடி, ஊர்க்கிணறு, ஊர்த்திருவிழா, ஊர்வரி என்று எத்தனை 'ஊர்' இருக்கிறது! எதிலாவது நாம் உண்டா? நம் வீட்டுக்கு ரேசன் கார்டு அந்த ஊரில்தான், ஓட்டு அந்த ஊரில்தான், பிணம் விழுந்தால் சேதி சொல்லப் போனதும் அந்த ஊருக்குத்தான். ஆனாலும் நாம் ஊர் இல்லை.

இதை எங்கே பேசினாலும் ஒரு நண்பர் எழுந்து சொல்வார்: "இதெல்லாம் நீங்களா நினைச்சிக்கிறது தோழர். காலனிங்கிறது சாதாரண இங்கிலீஷ் வார்த்தை. சென்னையில சி.ஐ.டி. காலனி இல்லையா? மதுரையில ரயில்வே காலனி இல்லையா? டெல்லியில பெரிய பெரிய ஆளெல்லாம் இருக்கிற எடத்துக்கு டிஃபென்ஸ் காலனின்னுதான பேரு?" சரி, அந்த நண்பருக்காகவே அந்த வார்த்தையை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவன். நிலத்தைப் பண்படுத்திப் பயிர் செய்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல். உழவனுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய இடம் 'கொலோனியா'. ரோமாபுரிக்காரன் ஜெயித்த நாடுகளில் தன் பழைய படைவீரர்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்து உட்கார வைத்தான். ஜெர்மனியில் இருக்கிற கொலோன் நகரத்துக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். ஆக, முதல் பொருள்: நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடம். பிறகு ஐரோப்பியர்கள் கப்பலேறிப் புறப்பட்ட காலத்தில் இரண்டாவது பொருள் தடித்தது: ஒருத்தன் நாட்டை இன்னொருத்தன் பிடித்து, அவன் மண்ணையும் உழைப்பையும் தன் ஊருக்குக் கொண்டுபோவதற்காக ஆளுகிற இடம். இந்தியா இந்தப் பொருளில் காலனி. மூன்றாவது ஒரு பொருளும் உண்டு: ஒரே வகையானவர்கள் சேர்ந்து இருக்கிற இடம். ரயில்வேக்காரர்கள் இருந்தால் ரயில்வே காலனி, பேங்க்காரர்கள் இருந்தால் பேங்க் காலனி. எறும்புக்கூட்டத்துக்கும் காலனி, சோதனைச்சாலைத் தட்டில் வளர்கிற கிருமிக்கும் காலனி, தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த இடத்துக்கும் காலனி.

நண்பர் சொல்கிற பட்டணத்துக் காலனி மூன்றாம் வகை. செய்கிற வேலையை வைத்து, வாங்குகிற சம்பளத்தை வைத்து ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி பண்ணிவிட்டு வேறு எங்கேயும் போகலாம், போன இடத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு வராது. ரயில்வே காலனியில் பிறந்த பிள்ளையை யாரும் "ஏ காலனி" என்று கூப்பிட்டதில்லை. எங்கள் காலனியில் பிறந்தவன் கலெக்டராகி வந்தாலும் ஊர்க்காரன் வாயில் அவன் "காலனிப் பய". ஒரே வார்த்தைதான். யார் வாயில் இருந்து யார் மேல் விழுகிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

முதல் வகைக் காலனியைப் பார்க்க வேண்டுமென்றால் ரோமாபுரிக்குப் போக வேண்டாம். எங்கள் ஜீப் போகிற மலைக்கு மேலேயே இருக்கிறது. 1954, 55 வாக்கில், மொழிவாரி மாநிலப் பிரிவினை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். திருவிதாங்கூர்-கொச்சி அரசு, முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை காலத்தில், மலைமேல் குடியேற்றத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நெடுங்கண்டம் பக்கம் காட்டைத் திருத்தி, குடும்பத்துக்கு 5 ஏக்கர் என்று கொடுத்து, கீழ்நாட்டு மலையாளிகளைக் குடியேற்றினார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் பெயர் பட்டம் காலனி. அங்கே இருக்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. ஏன் வெட்கப்பட வேண்டும்? அந்தக் காலனியில் காலடியில் நிலம் இருக்கிறது.

தேவிகுளம், பீர்மேடு கைவிட்டுப் போச்சே என்று மேடைபோட்டு அழுகிற தமிழ்த்தேசிய நண்பர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மலைக்கு மேலே மலையாளிக்கு 5 ஏக்கர் கொடுத்த காலனி உங்களுக்கு உறுத்துகிறது. மலைக்குக் கீழே தமிழனுக்குத் தமிழன் கொடுத்த மூணு சென்ட் காலனி ஏன் உறுத்தவில்லை? அந்த மலைமேல் காய் எடுக்கப் போகிற பெண் தமிழச்சி என்பது எல்லைப் பிரச்சினை வரும்போது மட்டும்தான் உங்கள் ஞாபகத்துக்கு வருமா?

நம் காலனி எப்படி வந்தது? கூரைக்குப் பதிலாகக் காரை போட்ட வீடு வந்தது என்று சந்தோசப்பட்ட தலைமுறை எங்கள் அம்மா தலைமுறை. அந்தச் சந்தோசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுகாத கூரை என்பது சின்ன விசயம் இல்லை. ஆனால் எந்த இடத்தில் கட்டினார்கள் என்று பாருங்கள். சென்னை மாகாணத்தில் 1920 வாக்கில் தாழ்த்தப்பட்டோரைக் கவனிக்க ஒரு இலாகா வந்தது. அதற்கு வைத்த பெயரே லேபர் இலாகா. பிள்ளைகளுக்கு வைத்த பள்ளிக்கூடத்துக்கும் லேபர் ஸ்கூல் என்று பெயர். கூலி என்பதுதான் நம் அடையாளம் என்று அரசாங்கமே முத்திரை குத்தியது. வீட்டுமனை கொடுக்கிற வேலையும் அந்த இலாகாவிடம்தான் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அரிஜன நலத்துறை. 1978இல் அரிஜன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம். இத்தனை துறை, இத்தனை சட்டம் வந்தும் மனை எங்கே கொடுத்தார்கள்? பழைய சேரிக்குப் பக்கத்தில். அல்லது அதையும் தாண்டி, ஓடைக்கரையில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில். ஊருக்குள்ளே ஒரு மனை எடுத்து ஒரு தலித் குடும்பத்தை உட்கார வைத்த அதிகாரி உண்டா? சாதி போட்ட கோட்டின் மேலேயே அரசாங்கம் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசியது. குடிசை இருந்தவரை அது பழக்கம். தொகுப்பு வீடு வந்த பிறகு அது வரைபடம்.

அண்ணல் அம்பேத்கர் கேட்டது இது இல்லை, தோழர்களே. 1942இல் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்டோர் மாநாடு தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947இல் அவர் எழுதித் தந்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையிலும் அரசு நிலத்தில் புதிய குடியிருப்புகளை அமைக்கக் குடியமர்த்தும் ஆணையம் வேண்டும் என்ற கோரிக்கை இருக்கிறது. அவர் கேட்டது நிலத்தோடு சேர்ந்த ஊர். ஆண்டையின் வயலில் கூலிக்கு நின்றாக வேண்டிய கட்டாயம் இல்லாத, தன் கிணறும் தன் விளைச்சலும் உள்ள ஊர். லத்தீன் பொருளில் பார்த்தால் அவர் கேட்டதுதான் உண்மையான காலனி. நிலத்தை எடுத்துக்கொண்டு, தனிமையை மட்டும் நம்மிடம் கொடுத்தார்கள். 1892இல் வெள்ளைக்காரன் அரசாணை போட்டு ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டுத்தானே 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்? காரணை நிலம் கேட்டவன் நெஞ்சில் குண்டு. மூணு சென்ட் போதும் என்று இருந்தவனுக்கு இலவச வீடு.

இப்போது பெயர் மாற்றத்துக்கு வருகிறேன். 2024 ஜூனில் கேரளத்தில் தாழ்த்தப்பட்டோர் நலத்துறை அமைச்சராக இருந்த கே. ராதாகிருஷ்ணன், எம்.பி. ஆகிப் பதவியை விட்டு இறங்குகிற அன்றைக்கு, 'காலனி' என்ற பெயரை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டார். நகர், உன்னதி, பிரகிருதி என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். மலைமேல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேரளத்தில் 1972இல் எம்.என். கோவிந்தன் நாயர் கொண்டுவந்த லட்சம் வீடு திட்டத்தின் காலனிகள் கொஞ்ச காலத்திலேயே வசவாகிப் போயின. அங்கே ஒருத்தனைக் 'கோளனி' என்று சொன்னாலே திட்டியதாக அர்த்தம். பிறகு 2025 ஏப்ரல் 29 அன்று நம் சட்டமன்றத்தில், அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அதே வருசம் அக்டோபரில் சாதிப்பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகளின் பெயரை மாற்ற அரசாணையும் வந்தது.

வரவேற்கிறேன். ஒரு அரசாங்கம் தன் வாயால் இந்தச் சொல்லில் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. "சாதாரண இங்கிலீஷ் வார்த்தை" என்று சொன்ன நண்பருக்குச் சட்டமன்றமே பதில் சொல்லிவிட்டது. ஆனால் வரவேற்றுவிட்டுக் கைதட்டி உட்கார்ந்துவிட முடியாது. ஏனென்றால் இந்தப் படத்தை நாம் பல தடவை பார்த்திருக்கிறோம்.

'சேரி' என்பது என்ன? சேர்ந்து இருக்கிற இடம். அவ்வளவுதான். உத்திரமேரூரில் பார்ப்பனர்கள் இருந்த பகுதிகளுக்கே சேரி என்று பெயர். ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூர்க் கல்வெட்டில் கோயில் பெண்கள் இருந்த தளிச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, கூடவே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகிறது. பார்ப்பான் சேரி அக்கிரகாரம் ஆனது. மற்றவன் சேரி தெரு ஆனது. கடைசியில் சேரி என்ற சொல் நம் தலையில் மட்டும் மிஞ்சியது. 'பஞ்சமர்' வேண்டாம் என்று எம்.சி. ராஜா போராடி 1922இல் 'ஆதிதிராவிடர்' என்று அரசாங்கப் பெயரை வாங்கினார். 1930களில் காந்தி நம்மைக் கேட்காமலேயே 'அரிஜன்' என்றார். கடவுளின் பிள்ளைகள் என்றவர்கள் கடவுளின் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்தச் சொல்லும் வசவானது. பிறகு 'எஸ்.சி.' வந்தது. சட்டத்தின் அட்டவணையில் இருந்த இரண்டு எழுத்து, பள்ளிக்கூடத்து வராண்டாவில் கிண்டலானது. ஒவ்வொரு தடவையும் பெயர் புதுசாக வரும், கொஞ்ச நாளில் அழுக்காகும். சொல்லில் அழுக்கு இல்லை. அந்தச் சொல் போய் ஒட்டுகிற இடத்தில், ஊருக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தில் இருக்கிறது அழுக்கு. அதைத் தொடாமல் பெயரை மட்டும் வெளுத்தால், வெளுத்த பெயரும் ஒரு மழைக்குத் தாங்காது.

ஆதாரம் வேண்டுமா? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகளை எரித்தார்கள். நத்தம் காலனி, கொண்டம்பட்டி, மூன்றாவதற்குப் பெயர் அண்ணா நகர். 'நகர்' என்ற பெயர் நெருப்பைத் தடுத்ததா? எரிக்க வந்தவன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனானா? தனியாக இருக்கிறது என்பதுதான் அவனுக்குத் தேவையான விலாசம். எங்கள் போடி வட்டாரத்திலேயே 1989 கலவரத்தில் அதைப் பார்த்தோம். எந்த வீட்டை எரிப்பது என்று யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களை நகரத்துக்கு வெளியே ஒதுக்கிவைத்த இடத்துக்கு வெள்ளையன் வைத்த பெயர் 'லொகேஷன்'. இடம் என்று அர்த்தம். இதைவிடச் சாதுவான இங்கிலீஷ் வார்த்தை உண்டா? அந்த வார்த்தையே அங்கே நிறவெறியின் வார்த்தை ஆனது. பின்னால் 'டவுன்ஷிப்' என்றார்கள். தென்மேற்கு டவுன்ஷிப்புகள் என்பதன் சுருக்கம்தான் சொவெட்டோ. பெயர் மாறியதால் அங்கே எதுவும் மாறவில்லை. 1976இல் அந்த சொவெட்டோவின் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். மாற்றம் அங்கிருந்து வந்தது.

நம் தோழர்களிலேயே ஒரு தரப்பு வேறு மாதிரி வாதம் செய்கிறது. "காலனிங்கிற பேரை எடுத்துட்டா நடக்கிற கொடுமைக்கு சாட்சியே இல்லாமப் போயிரும். இருக்கட்டும் அந்தப் பேரு, அவய்ங்களுக்கு உறுத்தட்டும்." இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அந்தச் சொல்லையே, 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அதே சொல்லை இங்கிலீஷ்காரன் இங்கிருந்து கொண்டுபோய் 'பரையா' ஆக்கி, ஒதுக்கப்பட்டவன் என்று உலகம் முழுக்கப் புழங்க விட்டிருக்கிறான். நம்மிடம் இருந்து அதை எடுத்துக்கொண்டுபோய், பதிலுக்கு 'காலனி'யைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நல்ல கொடுக்கல் வாங்கல்தான்! ஆனால் சீனிவாசன் செய்தது வேறு. அந்தப் பெயரை அவரே எடுத்தார், அவரே அச்சடித்தார், விலை வைத்து விற்றார். 'தலித்' என்ற சொல்லும் நாமே எடுத்துக்கொண்டது. நம் பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர் கத்துகிற சொல் நாம் எடுத்துக்கொண்டது இல்லை. ஒரு கல்லூரிப் பெண் தினமும் அரைமைல் கூடுதலாக நடந்து, வரலாற்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது.

அப்படியானால் என் நிலைபாடு என்ன? முகவரியில் இருந்து அந்தச் சொல்லை எடு. குற்றப்பத்திரிகையில் எழுது.

இங்கேதான் இரண்டாவது பொருளுக்கு வர வேண்டும். ஒருத்தன் மண்ணையும் உழைப்பையும் இன்னொருத்தன் தன் ஊருக்காக ஆளுகிற இடம். பட்டணத்துக் காலனிக்கு இது பொருந்தாது. பட்டம் காலனிக்கும் பொருந்தாது. நமக்கு அப்படியே அச்சாகப் பொருந்தும். நம் உழைப்பு ஊருக்குப் போகிறது, ஊரின் சாக்கடை நம் பக்கம் வருகிறது. பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலி நமக்கு ஒதுக்கப்பட்டால், உட்காருகிறவர் நம் ஆள், ஆளுகிறவன் ஊர்க்காரன். அண்ணல் இந்தியக் கிராமத்தைப் பற்றி எழுதியபோது, அது குடியரசு இல்லை, தீண்டப்படாதவர்கள் மேல் இந்துக்கள் நடத்துகிற ஒரு வகைக் காலனியாட்சி என்றே பார்த்தார். லண்டன், நியூயார்க்கில் படித்தவர், அந்த வார்த்தையின் எடை தெரிந்து பயன்படுத்தினார். கண்டக்டருக்குத் தெரியாது, தாசில்தாருக்குத் தெரியாது, ஆனால் அவர்கள் தெரியாத்தனமாக உண்மையைத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். இது காலனிதான். அப்படியென்றால் காலனியாதிக்கக்காரன் யார் என்று ஊர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் வாழ்கிற கள்ளர் சமூகத்து நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன், சண்டைக்காக இல்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டு உங்கள் தாத்தாக்களை ரேகை பிடித்தான் வெள்ளைக்காரன். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றான். அந்த நாளை நீங்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. பிறந்ததனாலேயே ஒருத்தனைக் குற்றவாளி என்று எழுதி வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்த வலி தெரிந்த கைகள் எங்களைச் சுற்றி ஏன் கோடு போடுகின்றன? வெள்ளையனின் காலனியை எதிர்த்தவனுக்கு, தன் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு காலனி வைத்துக்கொள்ள மனசு எப்படி வருகிறது?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பெயர்ப்பலகை மாறுகிற அன்றைக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மறுநாள் போங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எழுதுங்கள். குடிதண்ணீர்த் தொட்டி ஒன்றா, இரண்டா? சுடுகாடு ஒன்றா, இரண்டா? அங்கன்வாடி, ரேசன் கடை, பஸ் ஸ்டாப் யார் பக்கம் இருக்கிறது? ஊருக்குள் தலித் ஒருத்தர் மனை வாங்கப் போனால் விற்கிறார்களா? பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், யார் பட்டாவில் இருக்கிறது? தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது, மனுப் போடுங்கள். சமத்துவபுரம் என்று 1997இல் அறிவித்தார்கள், 100 வீட்டில் 40 வீடு தலித்துகளுக்கு என்று எல்லாச் சாதியையும் கலந்து குடிவைத்தார்கள். ஆக, அரசாங்கம் நினைத்தால் கலந்து வைக்க முடியும். ஆனால் அதையும் ஊருக்கு வெளியேதான் கட்டினார்கள். ஊர் அப்படியே இருந்தது. இனிமேல் ஒரு தொகுப்பு வீடு கட்டினாலும் ஊருக்குள் கட்டு என்று கேட்போம். மனையைப் பழைய சேரிக்குப் பின்னால் எடுக்காதே, ஊர்ச்சாவடிக்குப் பக்கத்தில் எடு என்று கேட்போம். பெயரை மாற்றுவதற்குக் கையெழுத்துப் போட்ட கை, அதற்கும் போடட்டும்.

பட்டியல் சாதி என்று சான்றிதழில் இருக்கட்டும். அது உரிமைக்கான கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கட்டும், வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கையில் இருக்கட்டும். தபால்காரனுக்கும் பஸ் கண்டக்டருக்கும் வீடு கொடுக்கிறவனுக்கும் அது எதற்கு?

அண்ணன் மகளுக்கு அன்றைக்கே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில், அவளுடைய அம்மா மலைக்கு ஜீப் ஏறிப் போன பிறகு, படிவத்தை எடுத்து வரச் சொன்னேன். கதவு எண் எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சிலமலைன்னு எழுது" என்றேன்.

"அது ஊருல்ல சித்தப்பா?"

"நாமளும் ஊருதான்த்தா. எழுது."

எழுதினாள். கீழே போடி தாலுகா, தேனி மாவட்டம், பின்கோடு. அந்த முகவரிக்குத் தபால் வந்து சேர்ந்தது. ஆனால் இன்னும் அவள் ஒரு ஸ்டாப் முன்னாடியேதான் இறங்குகிறாள்.